நீச்சல் குளத்தில் பாசி: நீரை வெளியேற்றும் முன்

2024 மார்ச் மாதம் பெங்களூரு தண்ணீர்த் தட்டுப்பாட்டில் தவித்தபோது, நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்த அந்நகரின் குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. தனி வீட்டிலோ பண்ணை வீட்டிலோ குளம் அமைத்துள்ள நம் வாடிக்கையாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. நீர் சற்றே பச்சை நிறம் காட்டியதும் குளத்தைக் காலி செய்து மீண்டும் நிரப்பும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் சராசரியாக 1.5 மீட்டர் ஆழமும் உள்ள குளம் 48,000 லிட்டர் கொள்ளும். அதாவது, 12,000 லிட்டர் லாரிகள் நான்கு. தொடக்க நிலைப் பாசிக்கு இவ்வளவு நீரை இழக்க வேண்டியதில்லை.

பாசியின் நுண்வித்துகள் காற்றோடும் மழையோடும் சருகுகளோடும் வந்துகொண்டேயிருக்கும். அவை பெருகாதபடி காப்பது நீரில் எஞ்சி நிற்கும் குளோரின். லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை அது இருத்தல் வேண்டும். எனினும் குளோரினை மட்டும் அளப்பது, பேரேட்டில் வரவுப் பக்கத்தை மட்டும் படிப்பதற்கு ஒப்பாகும். பி.எச். அளவு 7.5 ஆக இருக்கும்போது குளோரினில் ஏறத்தாழப் பாதி வீரியமான வடிவில் இருக்கும். அதுவே 8 ஆக உயர்ந்தால் கால் பங்குதான். ஆகவே 7.2க்கும் 7.6க்கும் இடையே வைத்திருப்பது நலம். வெயிலும் குளோரினை அழிக்கும். அதைத் தடுக்கும் சயனூரிக் அமிலம் லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் போதும். மிகுந்துவிட்டால் குளோரின் மந்தமாகிவிடும். ட்ரைகுளோர் மாத்திரைகளையே நெடுங்காலம் பயன்படுத்தும் குளங்களில் இவ்வாறு நேர்கிறது. அந்நிலையில் மட்டும் நீரில் ஒரு பகுதியை மாற்றத்தான் வேண்டும்.

பாசியைக் கண்ணுக்கு முன்னே கால் அறியும். படிக்கட்டும், நீரோட்டம் குறைந்த மூலைகளும், ஏணியின் பின்புறமும் வழுக்கத் தொடங்கும். மாலையில் அளந்த குளோரின், வெயிலே இல்லாத இரவு கழிந்து விடியலில் வெகுவாகக் குறைந்திருந்தால், நீருள் ஏதோ அதைத் தின்கிறது என்று கொள்ளலாம்.

அப்போது முதலில் பி.எச். அளவை 7.2 அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்து சுவர்களையும் தரையையும் நன்றாகத் தேய்க்க வேண்டும். இதைத் தவிர்ப்பவர்கள் மிகுதி. ஆனால் பாசிப் படலம் கலையாவிட்டால் மருந்து அதன் மேற்புறத்தோடு நின்றுவிடும். கதிரவன் மறைந்தபின் குளோரினை லிட்டருக்கு 10 மில்லிகிராம் உயர்த்த வேண்டும். மேற்சொன்ன குளத்துக்கு இது 480 கிராம் குளோரின். 65 விழுக்காடு வீரியமுள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட்டில் சுமார் 740 கிராம். கடையில் கிடைக்கும் சாதாரண பிளீச்சிங் பவுடரின் வீரியம் இதில் ஏறத்தாழப் பாதிதான். ஈரம் பட்டுப் பழையதானால் இன்னும் குறையும். மோட்டாரை 24 மணி நேரம் ஓடவிட்டு, வடிகட்டியை இடையிடையே எதிர்நீரோட்டத்தால் கழுவ வேண்டும். இறந்த பாசியால் நீர் வெண்மையாகக் கலங்கும். அது நல்ல அறிகுறியே. மறுநாள் விடியலிலும் குளோரின் மறைந்திருந்தால் மாலையில் மீண்டும் இடவேண்டும். அளவு 3 மில்லிகிராமுக்கு இறங்கும்வரை குழந்தைகளை இறக்கலாகாது.

குளோரின் மருந்தை ஒருபோதும் அமிலத்தோடு சேர்க்கக் கூடாது. நச்சு வாயு எழும். ட்ரைகுளோரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டையும் ஒரே வாளியில் கலந்தால் தீப்பற்றவும் வெடிக்கவும் கூடும். மருந்தை நீரில் இடவேண்டுமேயன்றி, மருந்தின் மேல் நீரை ஊற்றலாகாது.

மயில்துத்தம் இடும் பழக்கமும் நம்மிடையே உண்டு. அது பாசியைக் கொல்லும் என்பது மெய். ஆயினும் அதிலுள்ள செம்பு நீரிலேயே தங்கி, சுவரில் கறை படியச் செய்யும், வெளிர்நிறத் தலைமுடியையும் பச்சையாக்கும். குளோரினை ஒழுங்காகப் பேணும் குளத்துக்கு அது வேண்டுவதில்லை.

பருவமழைக் காலத்தில் கூடுதல் கவனம் தேவை. மழைநீர் குளோரினை நீர்க்கச் செய்வதோடு, தோட்டத்து மண்ணையும் உரத்தையும் அடித்து வரும். பாசிக்கு அதுவே உணவு. ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் சருகுகளை அகற்றி, அன்று மாலையே குளோரினையும் பி.எச். அளவையும் அளந்து பார்ப்பது போதுமானது.