மலிவுச் சட்டையின் மறைந்த விலை

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ஆடை மானத்தைக் காப்பது, மதிப்பைத் தருவது. ஆனால், இன்று ஆடையே ஆளை விழுங்கிவிடுமோ என்று ஐயுறும் அளவுக்கு அது பெருகிவிட்டது. தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி என ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மாத்திரம் கோடியுடுத்த குடும்பங்கள், இன்று கைத்தொலைபேசியிற் கண்ட கணமே வாங்கிவிடுகின்றன. அலுமாரி நிறைந்திருக்கின்றது, "உடுக்க ஒன்றுமில்லை" என்ற குரலும் வீடு நிறைய ஒலிக்கின்றது.

இம்முரண்பாட்டை ஆராய்வதையே நாம் கற்பிக்கும் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் தமது செயற்றிட்டமாக எடுத்துக்கொண்டனர். அவர்கள் அறிந்தவையும் செய்தவையும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன்படத்தக்கவை. ஆதலின் அவற்றை ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

பதினைந்து நாள் நாகரிகம்

உடையுலகில் "விரைவு நாகரிகம்" என்றொரு வழக்கு உண்டு. 1989ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு ஸாரா நிறுவனம் நியூயோர்க் நகரிற் கடை திறந்தபோது, ஓர் ஆடை கலைஞரின் எண்ணத்தில் உதித்துக் கடைக்கு வந்துசேரப் பதினைந்து நாள் போதும் என்று வியந்து எழுதினர். பிற நிறுவனங்களும் அவ்வழியே ஓடத் தொடங்கின. 2000க்கும் 2015க்கும் இடையில் உலகின் ஆடையுற்பத்தி ஏறக்குறைய இருமடங்காயிற்று. ஓர் ஆடையை நாம் உடுத்தும் தடவைகளோ குறைந்துபோயின.

பருத்திச் சட்டை ஒன்றை ஆக்குவதற்கு ஏறத்தாழ 2,700 லீற்றர் நீர் செலவாகின்றதென மதிப்பிட்டுள்ளனர். ஒருவர் இரண்டரை ஆண்டு பருகும் நீர் அது! கிணற்று நீரையே நம்பி வாழும் யாழ்ப்பாணத்தவர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. மத்திய ஆசியாவிலே, ஒரு காலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரியாய் விளங்கிய ஆரல் கடல், 1960களிலிருந்து அதன் ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பியமையால் வற்றிப் பெரும்பகுதி பாலைவனமாயிற்று. பருத்தியை விடுத்துப் பொலியெஸ்ரரை நாடலாமே எனின், அது பெற்றோலியத்திலிருந்து பிறப்பது. கழுவுந்தோறும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகளை நீரிற் கலப்பது.

இவற்றினுங் கொடியது மனித உயிரின் விலை. 2013ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆந் திகதி வங்காளதேசத்தின் டாக்கா நகருக்கு அண்மையில், ரானா பிளாசா என்னும் எட்டுமாடிக் கட்டடம் இடிந்து வீழ்ந்தது. அங்கிருந்த ஆடைத் தொழிற்சாலைகளில் உழைத்தோர் உட்பட 1,134 பேர் மாண்டனர். முதல்நாளே சுவர்களில் வெடிப்புக் கண்டு கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையற்பெண்களோ மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டனர். குறித்த தவணையில் ஆடை கப்பலேற வேண்டுமன்றோ?

உடுத்து எறிந்தவையேனும் எங்கே போகின்றன? மேனாட்டார் கழித்த ஆடைகள் கானா நாட்டின் தலைநகரான அக்ராவிலுள்ள கந்தமாந்தோ சந்தைக்கு வாரந்தோறும் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வந்திறங்குகின்றன. அந்நாட்டார் அவற்றுக்கு "ஒப்ரோனி வாவு" என்று பெயரிட்டனர். "இறந்த வெள்ளையனின் உடை" என்பது பொருள். உயிரோடிருப்பவன் இவ்வளவு ஆடையைக் கழிப்பானென்று அவர்கள் எண்ணவில்லை போலும்! விலைபோகாதவை குப்பைமேட்டையும் கடற்கரையையும் சேர்கின்றன.

ஒரு மாணவியின் வினா

இவ்விவரங்களை வகுப்பிற் கேட்டபின், "இனி நாம் புதிய உடை வாங்குவதில்லை எனச் சபதம் எடுப்போம்" என்று சிலர் கூறினர். அப்போது ஒரு மாணவி எழுந்தாள். "சேர், எல்லாரும் வாங்காமல் விட்டால் கட்டுநாயக்காவிலை தைக்கிற எங்கடை அக்காவுக்கு ஆர் சம்பளம் குடுப்பினம்?" என்றாள். வகுப்பு மௌனமாயிற்று.

அவ்வினா இந்நாட்டின் வினா. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்த காலந்தொட்டு ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குத் தையல் இயந்திரமே சோறிட்டது. நாம் ஏற்றுமதி செய்யும் பொருள்களுள் ஆடையே முதலிடம் பெறுவது. தைப்போருட் பெரும்பாலார் பெண்கள். 2009இற் போர் முடிந்தபின் கிளிநொச்சியிலும் இத்தொழிற்சாலைகள் எழுந்தன. இத்தொழிலைப் பழித்தல் நன்றியுடைமையாகாது.

ஆயினும், விலையை மேலும் மேலும் குறைக்கும் போட்டியே கூலியையும் ஒடுக்குகின்றது. 2020இற் கொரோனா நோய் பரவியபோது மேனாட்டு நிறுவனங்கள் பல தாம் கொடுத்த ஓடர்களை இரத்துச் செய்தன. முதலில் நொந்தவர் தொழிலாளரே. ஆதலின், வாங்காமை அன்று, அளவாக வாங்குதலும் நல்லதை வாங்குதலும் நெடுநாள் உடுத்தலுமே நெறி என்று மாணவர் முடிவு கொண்டனர். இதனால் அம்மாணவியின் வினா முற்றாகத் தீர்ந்ததென்று நாம் கூறோம். அதை மறவாதிருத்தலே அறிவுடைமை.

செய்து காட்டியவை

முதலாவது, கணக்கு. ஒவ்வொருவரும் தம் அலுமாரியிலுள்ள உடைகளை எண்ணி, ஆறு மாதமாகத் தொடாதவற்றை எழுதினர். இக்கணக்கே பலர்க்கு நல்லாசானாயிற்று.

இரண்டாவது, தையல் மேசை. பாடசாலை விட்டபின் தெறி தைத்தல், மூட்டுவிட்ட சட்டையைத் தைத்தல், கீழ்மடிப்பை இறக்குதல் என்பவற்றை ஆண்பிள்ளைகளும் பழகினர். விடுமுறையில் வந்த அந்த மாணவியின் தமக்கையே அவர்க்கு ஆசிரியையானாள். "சட்டையை வாங்கமுன் உட்புறம் திருப்பிப் பாருங்கோ, தையல் நெருக்கமோ, மூட்டோரத்திலை துணி மிச்சம் விட்டிருக்கோ எண்டு பாருங்கோ" என்று அவள் கற்பித்த பாடம் எந்த நூலிலும் நாம் காணாதது.

மூன்றாவது, மாற்றுச் சந்தை. பிறர் உடுத்ததை உடுத்தலாகாது என்ற கூச்சம் நம்மிடையே உண்டு. வறிய பிள்ளைக்கு அது இழிவாகவும் தோன்றும். ஆகவே யாவரும் கொடுக்க வேண்டும், யாவரும் எடுக்க வேண்டும், பெயர் எழுதலாகாது என்று விதித்தனர். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் ஒரு சட்டையை எடுத்து அணிந்து வந்தபோது, கொடுப்பவர், பெறுபவர் என்ற வேற்றுமை அகன்றது. அண்ணன் சட்டையைத் தம்பி அணிவது இழிவன்றெனில், தோழன் சட்டையை அணிவது மாத்திரம் எவ்வாறு இழிவாகும்?

நான்காவது, நம்மவர் நெசவு. பண்டிகைக்கு ஓர் உடையேனும், மருதமுனைக் கைத்தறி போன்று இந்நாட்டிலே நெய்ததாகவோ ஊர்த் தையற்காரர் தைத்ததாகவோ இருக்கவேண்டும் என்பது அவர்தம் தீர்மானம்.

இவற்றுட் பல நம் பாட்டிமார்க்குப் புதியன அல்ல. கூறைச்சீலையை ஆண்டுக்கணக்கிற் போற்றியவர்கள் அவர்கள். நைந்த நூற்சீலை குழந்தைக்கு ஏணையாயிற்று. பின்னர் தலையணை உறையாயிற்று. ஈற்றில் அடுப்படிப் பிடிதுணியாயிற்று. பழைய வேட்டி விளக்குத் திரியாய் எரிந்து முடிந்தது. ஆடையொன்றின் பயனை ஒன்பது மாதம் நீடித்தாலே அதனால் விளையும் கேட்டில் ஐந்திலொரு பங்கிற்குக் குறையாமல் தணியும் என்று பிரித்தானிய ஆய்வாளர் இக்காலத்திற் கணித்துள்ளனர். கணிக்காமலே அவ்வழி நடந்தவர் நம் முன்னோர்.

பெற்றோரே! அடுத்த பண்டிகைக்குக் கடைக்குச் செல்லுமுன் பிள்ளைகளோடிருந்து அலுமாரியைத் திறந்து எண்ணுங்கள். மாணவரே! ஊசியில் நூல் கோக்கப் பழகுங்கள். ஒரு சட்டையைக் கையிலெடுக்கும்போது, "இதனை நெய்தவர் யார்? தைத்தவர் யார்? அவர் வயிறார உண்டனரா?" என்று கேளுங்கள். நாம் உடுக்கும் ஆடை நம் மானத்தைக் காப்பது போலவே, அதைத் தைத்தவரின் மானத்தையும் காப்பதாகுக.