குரலை விலையாகக் கொடுத்தவள்

சிறுவர்க்கென ஆக்கப்படும் திரைப்படங்களை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. நானும் அவ்வாறே எண்ணியிருந்தவன்தான். வோல்ட் டிஸ்னி நிறுவனம் 1989ஆம் ஆண்டு வெளியிட்ட 'த லிட்டில் மேர்மெய்ட்' என்னும் கார்ட்டூன் இசைப்படத்தை என் மகளுடன் இருந்து பார்த்தபோது, அவள் கேட்ட ஒரு கேள்வி என் எண்ணத்தை மாற்றிற்று. "ஏனப்பா, அவ நடந்ததை எழுதிக் காட்டியிருக்கலாம்தானே?" என்பதே அக்கேள்வி.

கேள்வி விளங்குவதற்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். கடலரசனின் இளைய மகள் ஏரியல் என்னும் பதினாறு வயதுக் கடற்கன்னி. புயலில் சிக்கிய எரிக் என்ற இளவரசனைக் காப்பாற்றிக் கரை சேர்க்கிறாள். அவன் கண் விழிக்கும் வேளையில் அருகிருந்து பாடுகிறாள். அவன் மனத்தில் அந்தக் குரல் மாத்திரம் தங்கிவிடுகிறது. மனிதப் பெண்ணாக விரும்பிய ஏரியல், அர்சுலா என்ற சூனியக்காரியிடம் போகிறாள். கால்கள் கிடைக்கும்; விலை அவளுடைய குரல். மூன்றாம் நாள் சூரியன் மறைவதற்குள் இளவரசன் உண்மைக் காதலுடன் அவளை முத்தமிடாவிட்டால் அவள் சூனியக்காரிக்கு அடிமை. இதற்கான ஒப்பந்தத்தில் அவள் தன் பெயரை எழுதிக் கையொப்பமிடுகிறாள். எழுதத் தெரிந்தவள் ஏன் எழுதிக் காட்டவில்லை என்று என் மகள் கேட்டது நியாயந்தானே?

விடையைத் தேடி மூலக்கதைக்குப் போனேன். டென்மார்க் தேசத்து எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்ரியன் அன்டர்சன் 1837இல் வெளியிட்ட கதை அது. அதிலே வரும் கடற்கன்னிக்குப் பெயரே இல்லை. கடற்கன்னியர் முந்நூறு ஆண்டுகள் வாழ்ந்து, பின்னர் கடல் நுரையாகிவிடுவர். மனிதருக்குள்ள அழியாத ஆன்மா அவர்களுக்கு இல்லை. இளவரசனின் அன்போடு அந்த ஆன்மாவையும் அடையவே அவள் தரைக்கு வர விரும்புகிறாள். சூனியக்காரி அவளுடைய நாவை அறுத்து எடுக்கிறாள். நிலத்தில் அவள் வைக்கும் ஒவ்வோர் அடியும் கத்தியின் மேல் நடப்பது போல வலிக்கிறது. இளவரசனோ தன்னைக் காப்பாற்றியவள் வேறொருத்தி என நம்பி அவளை மணந்துகொள்கிறான். சகோதரிகள் தம் கூந்தலைக் கொடுத்துப் பெற்ற கத்தியொன்றை அவளிடம் தருகின்றனர். அதனால் அவனைக் கொன்றால் அவள் மீண்டும் கடற்கன்னியாகலாம். அவள் கத்தியை வீசியெறிந்துவிட்டுக் கடலில் குதிக்கிறாள். நுரையாகிப் போகவில்லை; காற்றின் புதல்வியருள் ஒருத்தியாகி, முந்நூறு ஆண்டுகள் நன்மை செய்து ஆன்மாவைப் பெறும் வாய்ப்பை அடைகிறாள்.

இந்தத் துயரக் கதையை டிஸ்னி நிறுவனத்தார் திருமணத்தில் முடித்து இனிப்புப் பூசிவிட்டனர் என்று விமர்சகர்கள் குறை கூறுவதுண்டு. அது முழுவதும் தவறன்று. ஆயினும் அதில் பாதி உண்மையே உண்டு என்பது என் கருத்து.

படத்தை எழுதி இயக்கியவர்கள் ரொன் கிளெமென்ட்ஸ், ஜோன் மஸ்கர் ஆகிய இருவர். பாடல்களை எழுதியவர் ஹவார்ட் அஷ்மன். இசையமைத்தவர் அலன் மென்கன். பின்னிருவரும் நியூயோர்க் இசை நாடக அரங்கிலிருந்து வந்தவர்கள். இசை நாடகத்திலே பாட்டு கதைக்கு இடையில் வைக்கப்படும் அலங்காரமன்று. கதையை நகர்த்துவதே பாட்டுத்தான். நாயகி தன் விருப்பம் இன்னது என்று தொடக்கத்திலேயே ஒரு பாட்டில் வெளிப்படுத்த வேண்டும் என்பது அம்மரபு. ஏரியலும் தான் சேகரித்த மனிதர் பொருள்கள் நிறைந்த குகையில் இருந்து அப்படியொரு பாட்டைப் பாடுகிறாள். பரீட்சார்த்தமாகப் படத்தைக் காட்டியபோது அந்த இடத்தில் பிள்ளைகள் பொறுமையிழந்தனர். ஸ்ரூடியோத் தலைவராக இருந்த ஜெஃப்ரி கட்ஸன்பேர்க் அப்பாட்டை வெட்டிவிட விரும்பினார். அஷ்மன் அதற்கு இசையவில்லை; இயக்குநர்களும் அவர் பக்கமே நின்றனர். பாட்டு தப்பியது.

அஷ்மனின் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. அந்தக் குரலை நாம் முதலில் கேட்டு நேசித்தால்தான், பின்னர் அது பறிபோகும்போது இழப்பின் அளவு நமக்குத் தெரியும். படத்தில் நாவறுக்கும் காட்சி இல்லை. பாடிக்கொண்டிருக்கையிலேயே அவளுடைய குரல் ஓர் ஒளியாகத் தொண்டையிலிருந்து வெளியேறிச் சூனியக்காரியின் கழுத்திலுள்ள சங்கினுள் புகுகிறது. அதன் பிறகு, பாட்டாலேயே நடக்கும் படத்தில் நாயகியால் பாட முடியவில்லை. சூனியக்காரி அழகியாக வேடம் பூண்டு அதே குரலில் பாடி இளவரசனை மயக்குகிறாள். சங்கு உடைந்து குரல் உரியவளிடம் திரும்பிய பின்னரே அவன் அவளை இன்னாரென்று அறிகிறான். என் மகளின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. எழுத்து செய்தியைச் சொல்லியிருக்கும். ஆனால் இப்படத்தில் குரல் என்பது செய்தியன்று, அதுவே அவள். அன்டர்சன் ஆன்மாவை வைத்த இடத்தில் இசைப்படம் குரலை வைத்தது. அந்த மாற்றத்தின் பின் அவள் நுரையாவது பொருந்தாது. குரல் திரும்பியே ஆகவேண்டும்.

குரலிழத்தல் அன்டர்சனுக்கும் வெறுங் கற்பனையன்று. ஒரு செருப்புத் தைப்பவரின் மகனான அவர், 1819இல் தமது பதினான்காம் வயதில் கலைஞனாகும் ஆசையுடன் கொப்பன்ஹேகன் நகருக்கு வந்தார். அவருடைய இனிய குரலைக் கேட்ட ஒருவர் பாடக் கற்பிக்க முன்வந்தார். சிறிது காலத்திலேயே பருவ மாற்றத்தால் குரல் உடைந்தது. பாடகனாகும் வழியும் அடைபட்டது. பின்னர்தான் அவர் எழுத்தாளரானார்.

அஷ்மனின் கதையும் துயரமானதே. இப்படத்தின் இசைக்கும் ஒரு பாடலுக்குமாக 1990இல் இரண்டு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. மறு ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் எயிட்ஸ் நோயினால் நாற்பது வயதில் காலமானார். அவர் பாடலெழுதிய 'பியூட்டி அன்ட் த பீஸ்ட்' அவ்வாண்டின் இறுதியிலேயே திரைக்கு வந்தது. அதன் முடிவில், ஒரு கடற்கன்னிக்குக் குரலையும் ஒரு விலங்குக்கு ஆன்மாவையும் தந்தவர் என அவருக்கு நன்றி கூறப்பட்டுள்ளது.

எனினும் படம் கைவிட்ட ஒன்றையும் சொல்லாமல் விடமுடியாது. படத்தில் தீமை வெளியே நிற்கிறது; இளவரசன் உடைந்த கப்பலின் முனையால் சூனியக்காரியைக் குத்திக் கொல்ல, யாவும் சரியாகிவிடுகின்றன. அன்டர்சனின் கதையிலோ கத்தி அவளுடைய கையிலேயே இருக்கிறது. தன்னைக் காத்துக்கொள்ள இன்னோர் உயிரை எடுப்பதா என்பதை அவளே தீர்மானிக்க வேண்டும். அந்தக் கணத்தின் கனம் படத்தில் இல்லை.

ஆகவே இரண்டையும் பிள்ளைகளுக்குக் கொடுப்போம் என்பதே என் வேண்டுகோள். முதலில் பாட்டு, வளர்ந்த பின் மூலக்கதை. துயரத்தைக் கண்டு பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். மூலக்கதையை நான் வாசித்து முடித்தபோது என் மகளின் கண்கள் கலங்கியிருந்தன. "கத்தியை எறியிற இடத்தைத் திரும்ப வாசியுங்கோ அப்பா" என்றாள். வாசித்தேன்.