புற்றுநோயாக்கி: சொல்லும் பொருளும்

உயிரியல் பாடத்தில் நாம் கற்கும் சொற்களுள் ஒன்று ‘புற்றுநோயாக்கி’. ஆங்கிலத்தில் இதனைக் கார்சினோஜன் என்பர். ‘கார்கினோஸ்’ என்றால் கிரேக்க மொழியில் நண்டு. அரபியில் ‘ஸரதான்’ என்ற சொல்லும் நண்டையும் இந்நோயையும் ஒருங்கே குறிக்கும்.

கலங்களைக் கட்டுப்பாடின்றிப் பெருகச் செய்து புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எதுவும் புற்றுநோயாக்கியே. அது இரசாயனமாக இருக்கலாம்: புகையிலைப் புகை, பூஞ்சணம் பிடித்த கச்சானில் உண்டாகும் அப்லாடொக்சின். கதிராக இருக்கலாம்: வெயிலிலுள்ள ஊதாக் கடந்த கதிர். வைரசாகவும் இருக்கலாம்: கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. இதற்கெதிரான தடுப்பூசி 2017 முதல் நம் நாட்டில் தரம் 6 மாணவியருக்கு ஏற்றப்படுகிறது.

இவற்றை வகைப்படுத்துவது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம். முதலாம் தொகுதியில் ஒரு பொருள் இருந்தால், அது மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று உண்டு என்று பொருள். அத்தொகுதியிலுள்ள எல்லாம் ஒரே அளவு ஆபத்தானவை என்பதல்ல. ஆபத்து எவ்வளவு என்பதை அளவும் காலமும் தீர்மானிக்கும். இது தெரியாததால்தான் தொலைபேசியில் வரும் செய்திகளைப் பார்த்துக் கண்டதற்கெல்லாம் பயப்படுகிறோம். பயப்பட வேண்டியதை விட்டுவிடுகிறோம்.

அப்படி விட்டது பாக்கு. “நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தானே” என்று நம் வீட்டு உம்மும்மாமார் சொல்வதுண்டு. புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு 1985இல் புற்றுநோயாக்கி எனக் கூறப்பட்டது. 2004இல் பாக்கும் தனியே முதலாம் தொகுதியில் சேர்க்கப்பட்டது. அதிலுள்ள அரகோலின் என்ற பொருள் பழக்கத்துக்கு அடிமையாக்குகிறது. நாளடைவில் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி, வாயைத் திறப்பதே கடினமாகலாம். இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோயே.

நல்ல செய்தி என்னவென்றால், வாய் கண்ணாடியில் பார்க்கக்கூடிய இடம். வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், உறைப்புச் சாப்பிட்டால் எரிவு, வாய் திறக்கச் சிரமம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். குண்டசாலையிலிருந்து கண்டிக்குப் போய் ஒரு பஸ் மாறினால் பேராதனை பல் போதனா வைத்தியசாலை. ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம்.

அன்பான மாணவியரே, வெற்றிலைத் தட்டைப் பறித்தால் மூத்தவர்கள் மனம் நோகும். பக்கத்தில் அமர்ந்து, “வாயைக் கொஞ்சம் திறங்க உம்மும்மா, பார்ப்போம்” என்று கேளுங்கள். படித்த சொல்லுக்கு அதுவே பயன்.