எங்கள் தீவுக்கு வெளிச்சம் வரட்டும்

என் கணவர் யுத்தத்தில் காணாமற்போன பின், நெடுந்தீவில் தையல் மெசினை நம்பியே மூன்று பிள்ளைகளையும் வளர்த்தேன். மோட்டார் பூட்டிய மெசின். எங்கள் தீவுக்குப் பிரதான மின் இணைப்பு இருக்கவில்லை, டீசல் மின்பிறப்பாக்கிதான். டீசலும் கடல் கடந்தே வரவேண்டும். கரண்ட் நின்றால் என் வருமானமும் நின்றுவிடும்.

2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி நிதியில் மின் திட்டம் அமைக்கச் சீனக் கூட்டு நிறுவனமொன்றை அமைச்சரவை தெரிவு செய்தது. இந்தியா ஆட்சேபித்தது. அந்த டிசம்பரில் திட்டம் இடைநிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் அதை நன்கொடையாகச் செய்ய இந்தியா உடன்பட்டது. 2024 மார்ச்சில்தான் பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. பெரியவர்களின் இழுபறியில் போன மூன்று வருடங்களும் எங்களுடையவை.

மூன்று தீவுகளுக்குமாகச் சூரிய சக்தியில் 1,700 கிலோவாற்று, காற்றில் 530 கிலோவாற்று என்பது திட்டம். வெயிலும் காற்றும் மிஞ்சும்போது 2,400 கிலோவாற்று மணி கொள்ளும் மின்கலங்கள் சேமிக்கும். இரவில் திருப்பித் தரும். இரண்டும் குறைந்தால் கைகொடுக்க டீசல் மின்பிறப்பாக்கியும் உண்டு.

முன்பு எனக்கொரு சூரிய விளக்குத் தந்தார்கள். மின்கலம் பழுதானதும் திருத்த ஆளில்லை. இன்றும் அது பரணில் கிடக்கிறது.

ஆகவே சகோதரிகளே, உங்கள் ஊருக்கு எந்தத் திட்டம் வந்தாலும் கூட்டத்துக்குப் போங்கள். யாருடைய காணி? மின்கலம் பழுதானால் மாற்றுவது யார்? எங்கள் பிள்ளைகளுக்குப் பராமரிப்புப் பயிற்சி உண்டா? கையெழுத்து வைக்கமுன் இவற்றைக் கேளுங்கள். பின்னர் கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது.