வெளிநாட்டுப் பழைய சைக்கிள் வாங்கும் முன்

நந்திதுர்க் லைன் வீடுகளில் வளர்ந்த மூத்தவர்களிடம் சைக்கிள் என்று ஆரம்பித்தால் போதும். ராலே, ஹம்பர், ரட்ஜ், ஹெர்குலிஸ் என்று பெயர்கள் வரிசையாக வரும். 1956 வரை சுரங்கங்களை நடத்தியது ஜான் டெய்லர் கம்பெனி. சைக்கிளும் பெரும்பாலும் இங்கிலாந்துச் சரக்குதான். பிறகு அசன்சாலில் சென்-ராலேயும் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸும் அதே பெயர்களில் இங்கேயே வண்டி செய்து தந்தன.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடியபின் தங்கவயல் பிள்ளைகள் வேலை தேடிப் பல திசைகளில் போனார்கள். கடல் கடந்தவர்களும் உண்டு. அவர்களில் யாராவது ஒருவர் இணையத்தில் ஒரு பழைய ராலேயைப் பார்த்துவிட்டு, "அப்பா, தாத்தா ஓட்டிய அதே மாடல். மலிவாகத் தருகிறார்கள், வாங்கி அனுப்பட்டுமா?" என்று கேட்கிறார். ஆசைதான். ஆனால் வண்டியின் விலை இதில் சிறிய பகுதி என்பதை அன்பர்கள் முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

வண்டி எந்த வழியில் வரும் என்பதைத் தீர்மானித்த பிறகே விற்பவரிடம் பேசுங்கள். நம் நாட்டு இறக்குமதிக் கொள்கையில், இயந்திரத் தளவாடங்கள் நீங்கலாக மற்ற பழைய பொருள்கள் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. உரிமம் இல்லாமல் பார்சலில் வரவழைத்தால் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். 'அன்பளிப்பு' என்று எழுதி அனுப்பினால் போதும் என்று சிலர் இன்னமும் யோசனை சொல்கிறார்கள். அந்த வாசலும் 2019 டிசம்பரில் அடைபட்டது. உயிர்காக்கும் மருந்தும் ராக்கியும் தவிர, தபாலிலோ கூரியரிலோ அன்பளிப்பாக எதையும் முழு வரி கட்டாமல் வரவழைக்க அனுமதி இல்லை. இலங்கையில் ஜப்பானின் பழைய சைக்கிள்கள் கன்டெய்னரில் வந்து கடைகளில் விற்கின்றன. யாழ்ப்பாண உறவினர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை வைத்து இங்கேயும் முடியும் என்று நினைத்துவிடக் கூடாது.

மிச்சம் இருப்பது, ஊருக்கு வரும் மகனோ மகளோ விமானத்தில் தங்கள் பயணச் சாமானாகக் கொண்டுவருவது. சலுகை வரம்புக்கு மேல் மதிப்பு போனால் வரி கட்ட வேண்டும். வரம்பு அவ்வப்போது மாறுவதால், பயணத்துக்கு முன் சுங்கத்துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. விற்றவரிடம் கையெழுத்திட்ட ரசீது கட்டாயம் வேண்டும். பல நிறுவனங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோதான் கணக்கு. கம்பி பிரேக் போட்ட பெரிய வண்டி தனியாகவே 20 கிலோவை நெருங்கும். அட்டைப்பெட்டியின் எடையையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது சக்கர அளவு. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். '28 அங்குலம்' என்று விற்பவர் சொன்னால் நம் ஊர் 28 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் பஞ்சர் கடைகளில் தொங்கும் 28-1½ டயர், 635 மில்லிமீட்டர் ரிம்முக்கு உரியது. ஜெர்மனியில் 28 என்று விற்பது பெரும்பாலும் 622. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 26-லும் இதே குழப்பம். ராலே ஸ்போர்ட்ஸ் வண்டியின் 26-1⅜ என்பது 590. அமெரிக்க ஷ்வின் வண்டியில் அதே 26-1⅜ என்று எழுதியிருக்கும், ஆனால் 597. ஆகவே அங்குலத்தைக் கேட்காமல், டயரின் பக்கவாட்டில் 40-635 என்பதுபோல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 635 என்றால் கவலை இல்லை, ஆண்டர்சன்பேட்டையிலேயே டயர் கிடைக்கும்.

ராலேயில் இன்னொரு சங்கதி. பெடல் அச்சு பொருந்தும் இடத்தில் மற்ற இங்கிலீஷ் வண்டிகளுக்கு அங்குலத்துக்கு 24 மரை. நாட்டிங்ஹாம் ராலேயில் 26. அந்தக் கப் தேய்ந்திருந்தால் வேறு வண்டியின் கப்பைப் போட முடியாது. அந்தத் தொழிற்சாலையும் 2002-ல் மூடிவிட்டது. எனவே வண்டியோடு கழற்றிய பழைய பாகங்கள் ஏதாவது இருந்தால் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

'1951 மாடல்' என்று சொல்கிறார்களா? பின்சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் அதன் ஓட்டிலேயே ஆண்டும் பெரும்பாலும் மாதமும் எண்ணாகப் பதித்திருக்கும். சக்கரம் பின்னால் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் இது முடிவான சாட்சி ஆகாது. ஆனாலும் சொன்ன வருடத்துக்கும் அதற்கும் இருபது வருட வித்தியாசம் இருந்தால் விற்பவரைக் கேள்வி கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

பக்கவாட்டில் எடுத்த ஒரே அழகான படம் பயன்படாது. பின்னாலிருந்து ஒரு படம் வேண்டும். இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்க. ஹேண்டிலுக்குக் கீழே ஃப்ரேம் குழாய்கள் சேரும் மூலையை நெருக்கமாக எடுக்கச் சொல்லுங்கள். அங்கே பெயின்ட் சுருங்கியோ குழாய் புடைத்தோ இருந்தால் வண்டி எதிலோ மோதியிருக்கிறது, வேண்டாம். சீட் கம்பியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பல வருடம் அசைக்காத கம்பி உள்ளே துருவோடு பிடித்திருக்கும், எண்ணெய்க்கும் மசியாது. சக்கரம் சுற்றுவதை வீடியோவில் பார்க்கலாம்.

ஃப்ரேம் எண்ணின் படமும் தேவை. திருட்டு சைக்கிள் எல்லா நாட்டிலும் உண்டு. ஜப்பானில் 1994 முதல் ஒவ்வொரு சைக்கிளையும் உரிமையாளர் பெயரில் பதிவது சட்டம். கைமாறும்போது பழைய பதிவை நீக்க வேண்டும். எண்ணைக் காட்டத் தயங்குபவரிடம் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பணம்? அந்த நாட்டிலேயே இருக்கும் பிள்ளை நேரில் போய், வண்டியைப் பார்த்து, ஓட்டி, பிறகு கொடுப்பதுதான் சரி. "வேறு இருவர் கேட்கிறார்கள், முன்பணம் போடுங்கள்" என்று அவசரப்படுத்தினால் விலகிவிடுங்கள். நண்பருக்கு அனுப்புவதுபோல் அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெற வழி கிடையாது.

தினமும் மாரிக்குப்பம் ஸ்டேஷன் போய் ரயில் பிடிக்க ஒரு வண்டி வேண்டும் என்பவருக்கு இந்தப் பாடு தேவையே இல்லை. உள்ளூர் வண்டியே உத்தமம். தாத்தா நினைவாக ஒன்று வீட்டில் நிற்கட்டும் என்பவருக்குத்தான் இவ்வளவும்.

பெட்டியில் வைக்கும்போது டயர் காற்றை இறக்கி, ஹேண்டிலைத் திருப்பி, இரண்டு பெடல்களையும் கழற்ற வேண்டும். வலது பெடல் வழக்கம்போல் இடப்பக்கம் சுற்றினால் கழலும். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். வலப்பக்கம் சுற்ற வேண்டும். தெரியாமல் பலங்கொண்டு திருப்பினால் இறுகிக்கொள்ளும், மரையும் போய்விடும். இதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள்.