கைப்பலமும் அளவும்

திரௌபதை அம்மன் கோயிலால் பெயர்பெற்ற பாண்டிருப்பில், கடற்காற்றின் உப்பு கோபுரத்தை மட்டுமா தழுவுகிறது? காரின் சில்லுக்குள்ளும் புகுந்து, பிரேக் கலிப்பரைப் பிணைக்கும் போல்ட்டுகளில் துருவேற்றுகிறது. துருவேறிய புரியில் நம் விசையின் பெரும்பங்கு உராய்விலேயே கழிந்துவிடும். டோர்க் ஸ்பனர் ‘டிக்’ என்று சான்று கூறும்; போல்ட்டோ இறுகியிராது! மாறாக, கைந்நூல் கூறாதபோது புரியில் எண்ணெய் இட்டால், அதே ‘டிக்’கில் போல்ட்டு அளவுக்கு மிஞ்சி இழுபட்டுவிடும். ஆகவே கம்பித் தூரிகையால் புரியைத் துலக்குதலே முதற்பணி.

சிறு கார்கள் பலவற்றில் கலிப்பரைத் தாங்கும் சட்டத்தின் போல்ட்டுக்கு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வேண்டும். கலிப்பர் நகரும் ஊசியின் சிறு போல்ட்டுக்கு 30 அளவே போதும். இரண்டையும் ஒரே கைப்பலத்தால் முறுக்குவோர் நம்மிடையே எத்தனை பேர்! திட்டமான எண் அந்தந்தக் காரின் கைந்நூலில் உண்டு.

புதிய பிரேக் பேட் பொருத்தப் பிஸ்டனைப் பின்தள்ளியிருந்தால், முதல் மிதி வெறுமையாய் விழும். பிள்ளைகளை ஏற்றிக் கல்முனை வீதியில் இறங்குமுன், மிதி கடினமாகும்வரை மிதித்துப் பாருங்கள்.