படகுல ஜோடியா ஒரு பயணம்: இ.எம்.ஐ. வேண்டாமே!

ரெண்டு பேரும் சம்பளம் வாங்குறீங்க. ஒகேனக்கல் பரிசல் போயாச்சு. பாலக்கோட்டுல இருந்து அடுத்து ஒரு நீண்ட படகுப் பயணம் போகணும்னு ஆசையா?

2023 ஜனவரி 13-ல் தொடங்கிய 'கங்கா விலாஸ்' சொகுசுக் கப்பல், வாரணாசியிலிருந்து திப்ருகர் வரை 51 நாட்களில் சுமார் 3,200 கி.மீ. பயணம். டிக்கெட் லட்சங்களில். காசு இருந்தாலும் 51 நாள் லீவு யார் தருவாங்க?

நமக்குக் கேரளா போதும். கொல்லம் – கோட்டப்புறம் நீர்வழி 168 கி.மீ.; கடலை ஒட்டியே காயலும் கால்வாயும். 1993-ல் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. இதில் ஆலப்புழா – கொல்லம் பகுதியைப் படகில் கடக்க சுமார் 8 மணி நேரம். அரசுப் படகு ஓடுதான்னு கேட்டுட்டு கிளம்புங்க. ஹவுஸ்போட் சாயங்காலமே கரையோரம் நின்னுடும். அங்கே நீங்க கொடுக்கிறது பெரும்பாலும் ரூம் காசுதான்.

இப்போ கணக்கு. மொத்தச் செலவு ₹36,000-னு வைங்க. ஆளுக்கு மாசம் ₹1,500 ஆர்.டி. போட்டா 12 மாசத்தில் பணம் ரெடி, வட்டி தனி. அதே தொகையை 16% பர்சனல் லோனில் எடுத்தா, மாசம் சுமார் ₹3,266 இ.எம்.ஐ.; வட்டி மட்டும் ஏறக்குறைய ₹3,200. பிராசஸிங் கட்டணம் வேற!

மாசா மாசம் கட்டுற தொகை ஏறக்குறைய ஒண்ணுதான். முன்னாடி கட்டினா வட்டி வரும், பின்னாடி கட்டினா வட்டி போகும். அடுத்த சம்பளத்தன்னிக்கே ஆர்.டி.யை ஆரம்பிச்சுடுங்க.